அசையும் அழுத்தமும்

பெங்களூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர்; தமிழையோ வீட்டில் கேட்டே கற்கின்றனர். அத்தகைய பிள்ளை 'ஓடி வந்தான்' என்பதை 'ஒடி வந்தான்' என்று படிக்குமாயின், சிறு பிழைதானே என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. காரணத்தை அறிய, இத்தாலிய மொழியோடு நம் மொழியைச் சற்றே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இத்தாலிய மொழியில் 'பார்லோ' என்னும் வினை 'பார் – லோ' என இரண்டாகப் பிரியும். முற்பகுதியை அழுத்திச் சொன்னால் 'நான் பேசுகிறேன்' என்பது பொருள். பிற்பகுதியை அழுத்தினால் 'அவன் பேசினான்' அல்லது 'அவள் பேசினாள்' என்பது பொருள். இடமும் காலமும் அழுத்தம் ஒன்றினாலேயே மாறிவிடுகின்றன.

தமிழில் அழுத்தத்திற்கு அவ்வாற்றல் இல்லை. 'வந்தான்' என்பதில் எப்பகுதியை அழுத்தினும் பொருள் மாறுவதில்லை. இங்கே பொருளைத் தாங்குவது மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'படி' என்பது ஏவல். 'பாடி' என்பது எச்சம். 'ஒடி' என்றால் முறித்துவிடு என்று பொருள். 'ஓடி' என்பதோ ஓட்டத்தைக் குறிக்கும். அசை பிரித்தாலும் இவ்வேற்றுமை புலனாகும். 'படி', 'ஒடி' ஆகியவற்றில் இரு குறில்கள் இணைந்து ஒரே நிரையசையாகின்றன. 'பாடி', 'ஓடி' என்பனவோ நேரசை இரண்டாகப் பிரிகின்றன.

இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் இத்தாலியரே என்பது வியப்பன்று. அவர் 1680-இல் இத்தாலியிற் பிறந்து, தமிழகம் போந்து, தமிழ்ப் புலவராய் விளங்கிய வீரமாமுனிவர். பழைய ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடாது எழுதியமையால் ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடாது நின்றன. 'ஒடி'யா, 'ஓடி'யா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருந்தது. எகர ஏகாரங்களின் நிலையும் அதுவே. நெடில்களுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தை நீக்கியவர் அவரே என்பர்.

கன்னடத்திலும் குறிலும் நெடிலும் உண்டு. லகு, குரு என்னும் யாப்பளவும் உண்டு. ஆயினும் வினையின் ஈற்றிலே ஒரு வேறுபாடு காண்கிறோம். நம் 'வந்தான்' அங்கே 'பந்தனு'. அதன் ஈற்றில் நிற்பவை இரு குறில்கள். நம் ஈறோ நெடில். தெருவிற் பேசும் கன்னடத்தின் பழக்கத்தால் தமிழ் ஈறு குறுகிவிடாதபடி காத்தல் பெற்றோர் கடன்.

அதற்குப் பெருமுயற்சி வேண்டா. நாள்தோறும் நான்கு வரிகளை உரக்கப் படிக்கச் செய்து, குறிலுக்கு ஒரு தட்டும் நெடிலுக்கு இரு தட்டுமாகக் கைதட்டப் பழக்கினாற் போதும். கை பழகினால் நாவும் பழகும்.