ஒலிக்கு ஓர் உருவம்

மலையகத்துக் கொத்மலையில் 1989ஆம் ஆண்டு சமூக வானொலி நிலையமொன்று தோன்றியது. பத்தாண்டுகளின் பின், 1999இல், யுனெஸ்கோவின் ஆதரவுடன் அந்நிலையம் இணையத்தையும் மக்களிடம் கொண்டு சென்றது. கணினியைக் கண்டறியாத நேயர்கள் வினாக்களை விடுத்தனர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, மக்களுக்கு விளங்கும் மொழியில் வானலை வழியே எடுத்துரைத்தார்.

இன்று கணினியும் கைப்பேசியும் இல்லந்தோறும் புகுந்து வருகின்றன. இடையில் நின்று விளக்குவார் இலர். ஆங்கிலம் அறியாத தாய்க்கும் தந்தைக்கும் திரையிலுள்ள சிறு சின்னங்களே அறிவிப்பாளர் ஆகின்றன. ஆகவே, அவை ஐயத்திற்கு இடமின்றிப் பேசுதல் வேண்டும்.

ஒலியளவைக் காட்டும் சின்னத்தை நோக்குங்கள். சிறு கட்டம் ஒலிபெருக்கியின் காந்தத்தையும், அதிலிருந்து விரியும் பகுதி கூம்பையும் குறிக்கும். எதிரேயுள்ள வளைகோடுகள் ஒலியலைகள். கொத்மலை நீர்த்தேக்கத்தில் கல்லெறிந்தால் அலை விரிவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். கோடுகள் மிகுந்தால் ஒலி மிகும்.

இச்சின்னம் சில வேளைகளில் 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமுமே உடையது. மொத்தம் 256 புள்ளிகள்! அதில் மெல்லிய கோடுகளை நெருக்கி வரைந்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறத்தை மட்டும் நம்புவதும் தகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் நம்மிடையே உளர் அன்றோ? உருவமே வேறுபட வேண்டும்.

ஒலியளவு பூச்சியமாவது வேறு. ஒலியை அடக்குதல் வேறு. முன்னதில் ஒலியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பின்னதில் அடக்கத்தை நீக்கியதும் பழைய அளவு உடனே திரும்பும். எனவே முன்னதற்கு அலையற்ற ஒலிபெருக்கியும், பின்னதற்குக் குறுக்குக்கோடு இட்ட ஒலிபெருக்கியும் பொருந்தும்.

மற்றொரு குழப்பமும் உண்டு. குறுக்குக்கோடு, ‘ஒலி நின்றுள்ளது’ என்கிறதா, ‘அழுத்தினால் நிற்கும்’ என்கிறதா? 2020இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு வந்தபோது, ஒலிவாங்கியின் சின்னத்திலும் இவ்வையமே எழுந்தது. விடை அறிந்தும், ஒலிவாங்கி அடங்கியிருப்பதை அறியாத மாணவனின் குரல் ஆசிரியரை எட்டாது. சின்னம் எப்போதும் நிகழ்நிலையையே காட்டுவது நலம்.

மாணவச் செல்வங்களே! கட்டத்தாளில் 16க்கு 16 கட்டங்களைக் குறித்து இச்சின்னங்களை வரைந்து பாருங்கள். பின்னர், விளக்கம் எதுவும் கூறாது உங்கள் பாட்டியாரிடம் காட்டுங்கள். அவர் சரியாகப் பொருள் உரைத்தால் உங்கள் சின்னம் தேறிவிட்டது.