படத்தில் நம்ம ஆளு!

"படம் எப்படிடா இருந்துச்சு?"

"சூப்பர்!" இல்லாவிட்டால் "மொக்கை!"

நம் ஹாஸ்டல் விமர்சனம் இவ்வளவுதான். நண்பர்களே, லேபில் ரீடிங் எழுதாமல் ரிசல்ட் மட்டும் எழுதினால் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். சினிமாவுக்கும் அதே கணக்குத்தான். பிடித்தது என்றால் ஏன்? பிடிக்கவில்லை என்றால் ஏன்? அதைச் சொன்னால்தான் விமர்சனம். நம் தொழில்காரர்கள் வருகிற நான்கு படங்களைப் பற்றி என் ரீடிங்கை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் அடிக்க வராமல் இருந்தால் சரி!

அந்த நாள் (1954) – மர்மம்

எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1943-ல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. சிவாஜி கணேசன் ரேடியோ என்ஜினீயர். ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அவர் ஒவ்வொரு மாதிரி தெரிகிறார். 'என் திறமையை மதிக்கவில்லையே' என்ற கோபம், படித்த ஒருவனை நாட்டையே காட்டிக்கொடுக்க வைக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். குறை என்றால், விசாரணைப் பேச்சு சில இடங்களில் நீளம்.

மாடர்ன் டைம்ஸ் (1936) – நகைச்சுவை

சார்லி சாப்ளின் தொழிற்சாலையில் நாள் முழுக்க நட்டு முடுக்குகிறார். வேலை விட்ட பிறகும் கை நிற்க மாட்டேன் என்கிறது! சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு 'ஊட்டிவிடும் மெஷின்' வருகிறது பாருங்கள், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பேசும் படங்கள் வந்து வருஷக்கணக்கான பிறகும் சாப்ளின் பெரும்பாலும் பேசாத படமாகவே இதை எடுத்தார். மனிதக் குரல் பெரும்பாலும் மெஷின் வழியாகத்தான் கேட்கிறது. பின்பாதி துண்டு துண்டாகப் போகிறது. ஆனாலும் மெக்கானிக்கல்காரன் சிரித்து முடித்ததும் கொஞ்சம் யோசிப்பான்.

ராக்கெட்ரி: நம்பி விளைவு (2022) – வாழ்க்கை வரலாறு

மாதவன் நடித்து இயக்கியது. 'அந்த நாள்' நாயகன் நாட்டைக் காட்டிக்கொடுத்தான். இவரோ காட்டிக்கொடுக்காமலே பழி சுமந்தவர். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் கைதானார். 2018-ல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தக் குடும்பம் பட்ட அவமானத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. ஆனால் ஒரு கேள்வி: ராக்கெட் என்ஜினை ஒருத்தரே செய்ய முடியுமா? கூட உழைத்தவர்கள் ரொம்பப் பின்னால் போய்விட்டார்கள்.

வீடு (1988) – குடும்பக் கதை

பாலு மகேந்திரா எடுத்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண், தங்கை, தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. இருக்கும் மனையில் ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார்கள். பிளான், கடன், லஞ்சம், கடைக்கால், சுவர்... நம் சிவில் பாடமே படமாக ஓடுகிறது! அர்ச்சனாவுக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. பாதி எழும்பிய சுவரைத் தாத்தா சொக்கலிங்க பாகவதர் தடவிப் பார்க்கும் காட்சி ஒன்று போதும். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை பார்த்தபோது "ரொம்ப ஸ்லோடா" என்று பாதியில் எழுந்து போனவன் நான். பிறகு இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். ஒரு சைட்டில் கான்கிரீட் கலவையில் சிமென்ட்டைக் குறைத்து மணலைக் கூட்டிப் போட்டார்கள். எனக்கு விகிதம் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். "இதெல்லாம் சகஜம் தம்பி" என்றார் மேஸ்திரி. நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து 'வீடு' படத்தை முழுசாகப் பார்த்தேன். அதில் காண்ட்ராக்டரின் சிமென்ட் திருட்டை வெளியே சொல்வது யார் தெரியுமா? படித்தவர் யாரும் இல்லை. ஒரு சித்தாள்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாளைக்கு நாமும் சைட்டிலும் ஷாப்பிலும் நிற்கப் போகிறோம். இந்தப் படங்களில் வரும் ஆட்களில் நாம் யார்? அடுத்த தடவை யாராவது "படம் எப்படிடா?" என்று கேட்டால், சூப்பர் என்று சொல்லுமுன் இதையும் ஒரு நிமிஷம் யோசியுங்களேன்!