பச்சைப் பசேலென்று ஒரு வீடு... தண்ணீரைக் கேட்டீர்களா?

“ஊருக்கு வெளியே, சத்தமில்லாத இடத்தில், நாலு மரத்துக்கு நடுவே சின்னதா ஒரு வீடு இருந்தா போதும்!”

நம்மில் எத்தனை பேர் இப்படிப் பெருமூச்சு விட்டிருக்கிறோம்! நானும் விட்டவள்தான். ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்திலேயே சாலை. சிப்காட்டுக்குப் போகும் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காது. துணி உலர்த்தினால் புழுதி. குழந்தையைத் தூங்கப் பண்ணினால் ஹாரன். அவருக்குப் போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைத்ததும், ‘இனியாவது நிம்மதியாக இருக்கலாம்’ என்று 2021-ல் ஊத்தங்கரைக்கு வந்துவிட்டோம். அப்போது என் மகளுக்கு மூன்று வயது.

ஊரின் ஓரத்தில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. சாலை நெடுகப் புளியமரம், பின்னால் மாந்தோப்பு, சற்றுத் தள்ளி ஏரி. வானம் தெளிந்த நாளில் கிழக்கே ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். காலையில் கண் விழித்தால் மயில் அகவுகிற சத்தம். கொல்லையில் நாலு பாத்தி கீரை, ஒரு முருங்கை, பக்கத்துத் தெருவிலிருந்து கறந்த பால். வேறென்ன வேண்டும்?

குழந்தைக்கும் நல்ல மாறுதல். நாள் முழுக்க வெளியில் ஓடியாடினாள். ராத்திரி படுத்ததும் தூங்கினாள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் மருத்துவர்கள் சொல்வதைப் படித்து எனக்குள்ளே பெருமைப்பட்டுக் கொண்டேன். அப்படி ஒரு வருஷம் சந்தோஷமாகவே ஓடிவிட்டது.

சிரிக்காத பையன்

எதிர்வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன். கெட்டிக்காரன், மரியாதையானவன். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். ஒரு நாள் கேட்டேவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “பல்லு கறையா இருக்குதுங்க்கா. பல்லு வெளக்கறதில்லன்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க” என்றான்.

பார்த்தேன். முன் பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். அவனுடைய பாட்டி, தெருவுக்கே ஆயா, திண்ணையிலிருந்து சொன்னார்: “அது வெளக்கினா போற கறை இல்லம்மா. இந்தத் தண்ணி அப்படி. இங்க ரொம்பப் பேருக்கு அப்படித்தான்.”

எனக்குப் பகீரென்றது. அந்த வாரமே மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். “டாக்டர், நாங்க தண்ணியை நல்லாக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சமிருக்கும் தண்ணீரில் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும்.”

அதுவரை நான் செய்ததெல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். அந்த நிமிஷத்தில்தான், வீடு பார்க்க வந்தபோது மரத்தைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை என்று உறைத்தது.

வரும் தண்ணீர்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் கெட்டிப் பாறை பூமி. அந்தப் பாறைகளில் புளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தங்கும் நீரில் அது கரைந்து விடுகிறது. மழை குறைந்து, ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாகப் போடப் போட, அப்படிப்பட்ட தண்ணீரே மேலே வருகிறது. நிறமில்லை, மணமில்லை. நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் பல். ஈறுக்குள்ளே நிரந்தரப் பல்லின் மேல்பூச்சு உருவாகும் காலத்தில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், உடம்பில் சேரும் புளோரைடு அந்தப் பூச்சைக் கெடுக்கிறது. பல் முளைத்து வெளியே வரும்போதே வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ உடன் வந்துவிடும். தேய்த்தால் போகாது. மிக அதிகமான புளோரைடை வருஷக்கணக்கில் குடித்தால் பெரியவர்களுக்கும் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப் போகும்.

இந்தக் கஷ்டத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் குறைப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் குழாயில் வருகிறது. ஆனால் ஊர் ஓரத்தில் புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகளுக்குக் குழாய் வந்து சேரும்முன் வீடுகள் வந்துவிடுகின்றன. எங்கள் தெருவும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணறே கதி.

நானும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில், கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு போக வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது. முடிவு வந்தது: ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் தெரிந்துகொண்டவை இவை:

* மண் வடிகட்டி, மெழுகுவர்த்தி போன்ற கேண்டில் வடிகட்டி, துணி, காய்ச்சுதல் – எதுவும் புளோரைடை எடுக்காது. நன்றாகப் பராமரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சவ்வு பழசானால் பலனில்லை. வடித்து வரும் தண்ணீரையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.
* குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் நல்ல தண்ணீரே வேண்டும். சாதமும் பருப்பும் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகின்றன என்பது நமக்குத் தெரியாதா? குளிக்க, துவைக்க ஆழ்துளைத் தண்ணீர் போதும்.
* கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. தாய் குடிக்கும் தண்ணீரில் புளோரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகமிகக் குறைவாகவே சேர்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். பவுடர் பாலை இந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து.
* சின்னக் குழந்தைக்குப் பற்பசை அரிசிமணி அளவு போதும். துப்பப் பழக்குங்கள், விழுங்க விடாதீர்கள். டீத்தூளிலும் புளோரைடு உண்டு. பிள்ளைகளுக்கு டீ எதற்கு?
* சுண்ணாம்புச் சத்து, புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நம்ம ஊர் ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியும் கீரையும் மோரும் நெல்லிக்காயும் இங்கே தாராளமாகக் கிடைப்பவைதானே! ஆனால் இது துணைதான். நல்ல தண்ணீருக்கு இது ஈடாகாது.

கூரையிலிருந்து வந்த தண்ணீர்

“ஆயா, அந்தக் காலத்துல என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன். “ஏரிக்குப் பக்கத்துல சேந்து கிணறு இருந்துச்சு. மேல் தண்ணி, தித்திப்பா இருக்கும். அப்புறம் எல்லாரும் போர் போட்டாங்க, கிணத்துல குப்பை போட்டாங்க” என்றார்.

மேல் தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர்தான். அதில் புளோரைடு கிடையாது. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, குழாயை மண்ணில் இறக்கியதோடு பலர் நிறுத்திக் கொண்டோம். நாங்கள் இப்போது அதைத் தொட்டியிலும் பிடிக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். சிந்தியது சிதறியது போக 700 லிட்டர் கையில் நிற்கும். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால், ஒரு மழை ஒரு மாதத்துக்கு மேல் வரும்! மாடியைப் பெருக்கி வையுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் வருவதை மணல், ஜல்லி வழியே வடித்து, வெளிச்சம் புகாமல் மூடிய தொட்டியில் பிடியுங்கள். கொசு புகாதபடி வலை கட்டாயம். இல்லாவிட்டால் டெங்குவை நாமே வளர்த்தது போலாகும். இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சுவது இங்கேதான் உபயோகம்!

போகும் தண்ணீர்

வரும் தண்ணீரைக் கவனித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோது, போகும் தண்ணீர் தன் பாடத்தை நடத்தியது.

மனை விற்றவர், “ஏரிக்காத்து வரும்மா, ஏசியே வேண்டாம்!” என்றிருந்தார். காற்று மட்டுமா வந்தது? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் மேல், ஒரே நாளில்! ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன காட்சியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். விடிந்ததும்தான் புரிந்தது, தெருவுக்குப் பின்னால் ‘சும்மா கிடக்கிற பள்ளம்’ என்று நாங்கள் நினைத்ததும், பலர் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கியதும், ஏரியின் கோடி வாய்க்கால். ஆயா அப்போதே சொன்னார், “பெரிய மழை வந்தா ஏரி அதுலதாம்மா இறங்கும்” என்று. நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

வெள்ளம் வடிந்த பின் வேலை இன்னும் அதிகம். கழிவுநீர்த் தொட்டி பொங்கி, தரைத்தொட்டித் தண்ணீரோடு கலந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே உபயோகித்தோம். கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

போனோமா, இருந்தோமா?

“மறுபடி ஓசூருக்கே போயிடலாமா?” என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மயிலும் மாந்தோப்பும் பொய்யில்லையே! தெருப் பெண்கள் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டு மனு கொடுத்தோம். காவிரிக் குழாய்க்கு இன்னொரு மனு. அலைந்த அலைச்சலில் பன்னிரண்டு வீடும் ஒரு வீடு போலாகிவிட்டன. ஊர் ஓரத்தில் தனிமை தின்னும் என்று பயந்தவளுக்கு அதுவே பெரிய லாபம்.

நீங்கள் இப்படி ஓர் இடம் பார்க்கப் போகிறீர்களா? சந்தோஷம்! ஆனால் முன்பணம் கொடுக்குமுன் நாலு காரியம் செய்யுங்கள். தண்ணீரைச் சோதியுங்கள். ஏரி நிரம்பினால் எந்தப் பக்கம் போகும் என்று அந்த ஊர் வயசானவர்களைக் கேளுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, கிராம வரைபடத்தில் அந்த இடத்தில் வாய்க்காலோ நீர்நிலைப் புறம்போக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் நல்ல மழை நாளில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். வெயிலில் எல்லா மனையும் அழகுதான்!

போன மாதம் என் மகளுக்கு முன்பல் விழுந்தது. வழக்கப்படி சாணியில் பொதிந்து, மழை பிடிக்கிற அதே மாடியில் எறிந்தாள். ஈறில் புதுப்பல்லின் முனை இப்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தவள். முழுசாக வளர்ந்து வரும்போது எப்படி இருக்குமோ! தினம் காலையில் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அவளோ, “போதும்மா!” என்று சிரித்துக்கொண்டு தோப்புக்கு ஓடிவிடுகிறாள்.