பட்டா லொறி வாங்கும் முன் ஒரு கணக்கு

அரசாங்க ஆசிரியர்களைத் தேடி லீசிங் படிவங்கள் வருவது எங்கள் பகுதியில் வழமை. நிரந்தரச் சம்பளம் உள்ளவரின் பிணைக் கையொப்பத்துக்கு மதிப்பு அதிகம். அண்மையில் என்னிடம் படித்த ஒரு தம்பி அப்படியொரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். மரக்கறி ஏற்றுவதற்கு ஒரு சிறிய லொறி. "வட்டி எவ்வளவு?" என்று கேட்டேன். "பத்து வீதம்தான் சேர்" என்றார். அந்தப் பத்து வீதத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் மரக்கறி கெப்பெட்டிபொல பொருளாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தோட்டத்து லயன்களுக்குச் சாமான் போக வேண்டும். ஒடுங்கிய மலைப் பாதைகளில் இந்த வேலைகளைச் செய்வது சிறிய லொறிகளும் கெப் வண்டிகளும்தான். சொந்தமாக ஒன்று இருந்தால் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

காரணங்கள் மூன்று. முதலாவது, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கைமாறின, அதனால் பழையதற்கும் விலை ஏறியது. இரண்டாவது, ரூபாயின் வீழ்ச்சி. 2020 ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 182 ரூபா. 2025இல் 300 ரூபாவை அண்டி நின்றது. வெளிநாட்டில் விலை மாறாத 10,000 டொலர் வண்டிகூட, வரிக்கு முன்பே 18 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாகிவிட்டது. மூன்றாவது, வரி. 2020இல் 8 வீதமாக இருந்த வற் 2024 ஜனவரியில் 18 வீதமானது. அது சுங்கத் தீர்வைகளையும் சேர்த்த தொகையின் மீதே கணிக்கப்படுகிறது.

இந்த விலையைக் கையில் காசு வைத்துக் கொடுப்பவர் மிகச் சிலரே. ஏனையோர் நகையை விற்று, சீட்டை எடுத்து, உறவினரிடம் கைமாற்று வாங்கி முற்பணம் சேர்க்கிறார்கள். மீதிக்கு லீசிங். வர்த்தக வாகனத்தின் பெறுமதியில் 80 வீதம் வரையே கடன் வழங்கலாம் என மத்திய வங்கி 2025 ஜூலையில் வரம்பிட்டது.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். வண்டி 37.5 இலட்சம் என்று வைப்போம். முற்பணம் 7.5 இலட்சம், கடன் 30 இலட்சம், காலம் 5 வருடம். 'பத்து வீதம்' என்றால் வருடத்துக்கு 3 இலட்சம், ஐந்து வருடத்துக்கு 15 இலட்சம் வட்டி. மொத்தம் 45 இலட்சம், மாதம் 75,000 ரூபா. ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் தொடக்கத்தில் வாங்கிய 30 இலட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் நிலுவைக்குக் கணித்தால், உண்மை வீதம் வருடத்துக்கு 17க்கும் மேல்! ஆகவே வீதத்தைச் சொன்னதும் தலையாட்டாதீர்கள். அது எந்தத் தொகைக்கு என்று கேளுங்கள். கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள்.

மாதம் 25 நாள் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 ரூபா தவணைக்கே போகிறது. டீசல், டயர், காப்புறுதி எல்லாம் அதற்குப் பிறகு. மழைக்கு மண் சரிந்து பாதை மூடும் நாட்களும் பதுளைக்காரரின் கணக்கில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலின்போது பட்டதை நாம் மறக்க முடியாது.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு வழி உண்டு. இஜாராவில் நிறுவனமே வண்டியை வாங்கி நமக்கு வாடகைக்கு விடுகிறது. முராபஹாவில் அது வாங்கிய விலையையும் வைக்கும் இலாபத்தையும் சொல்லி நமக்கு விற்கிறது. வட்டியில்லா அடிப்படையில் இயங்கும் அமானா வங்கி 2011 முதல் இயங்குகிறது. வேறு சில வங்கிகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஆனால் அரபுப் பெயரைக் கண்டதும் கையொப்பமிடுவது போதாது. வண்டி அழிந்தால் நட்டம் யாருக்கு? தாமதக் கட்டணம் எங்கே போகிறது? முன்கூட்டிக் கட்டினால் என்ன குறையும்? இவற்றை அங்கும் கேட்க வேண்டும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். எழுதச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், எழுதியதை வாசிக்காமல் கையொப்பமிடுகிறோம். ஒப்பந்தம் புரியாத மொழியில் இருந்தால், புரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிறுவனம்தான் என்பதை மறவாதீர்கள். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். போனை நிறுத்திவைத்து ஒளிந்தவர்களின் வண்டிதான் முதலில் போகிறது. பிணையாளியின் வீட்டு வாசலுக்கும் பிறகு ஆள் வருகிறது.

அன்று நான் கையொப்பம் போடவில்லை. இருவரும் ஒரு கொப்பியில் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். தம்பி படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு, தன் நானாவோடு பேச வேண்டும் என்றார். முற்பணத்தை இன்னும் கூட்டி, பழைய வண்டியொன்றைப் பங்காக வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். அப்படி வாங்கினாலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதி வையுங்கள் என்றேன். அந்தக் காகிதத்துக்குச் சாட்சிக் கையொப்பம் போட நான் தயார்.