குடிநோய் மீட்புப் பணியும் மானியமும்: பணத்தைப் பெறுவது, நடத்துவது, கணக்குக் காட்டுவது

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள விரும்புகிறவருக்கு இந்தியாவில் கைகொடுக்கும் இடங்களில் கணிசமானவை தொண்டு நிறுவனங்கள் மானியம் வாங்கி நடத்தும் மையங்கள். தேவை எவ்வளவு பெரியது என்பதை 2019-ல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய அந்த ஆய்வின்படி, நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த பாதிப்புக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு வகைச் சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

இந்த இடைவெளியை நிரப்பப் பணம் வேண்டும். வந்த பணத்தைத் திட்டமாக மாற்றத் தெரிந்த நிர்வாகமும் வேண்டும். மானியம் படுக்கையையும் நிதியாண்டையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. மீட்போ சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் உண்மையில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இந்த இரண்டு காலக்கணக்குகளையும் இசையவைப்பதே மீட்புத் திட்டத்தை நிர்வகிப்பவரின் முதல் வேலை.

நிதி வரும் வழிகள்

முதல் வழி மத்திய அரசு. மதுவையும் போதைப்பொருளையும் தடுக்கும் பணிக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவும் திட்டம் 1985-86-ல் தொடங்கியது. பலமுறை திருத்தப்பட்ட அந்த முயற்சி, 2018 முதல் போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டமாக விரிந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கிய போதையில்லா இந்தியா இயக்கம் விழிப்புணர்வுப் பணியை ஊர்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டு சென்றது.

இரண்டாவது வழி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. தொடர் திட்டம் என்று அறிவிக்கப்பட்ட பணிக்கு, தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நிதி தரலாம். ஓராண்டுக்கு மேல் நீளும் பின்தொடர் பணிக்கு இது மிகவும் ஏற்றது.

மூன்றாவது வழி வெளிநாட்டு நன்கொடை. இதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு தேவை. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பின் இப்பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

நான்காவது வழி உள்ளூர் நன்கொடை. அளவில் சிறியதானாலும் நிபந்தனைகள் குறைவு என்பதால், மற்ற மூன்றும் தொடாத செலவுகளுக்கு இதுவே கைகொடுக்கிறது.

எந்த மானியமும் வேண்டாம் என்று சொல்லும் அமைப்பும் இத்துறையில் உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பிறந்த, குடியை விட விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், உறுப்பினர் தரும் காசைத் தவிர வெளிப்பணம் வாங்குவதில்லை என்பதைத் தன் மரபாக வைத்திருக்கிறது. எனவே மீட்பு மையம் அக்குழுவைத் தன் திட்டத்தின் செலவுக் கணக்கில் சேர்க்க முடியாது. கூட்டம் நடத்த ஓர் அறை தரலாம், அதற்கும் அவர்கள் வாடகை தர விரும்புவார்கள். சிகிச்சை முடிந்தவரை அக்கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துவது, செலவில்லாமல் நீண்டகாலத் துணையைப் பெற்றுத் தரும் வழி.

எந்தத் திட்டம் யாருக்கு

தேசியச் செயல்திட்டத்தின் கீழ் உதவி பெறும் மையங்கள் ஒரே வகையானவை அல்ல. தங்கிச் சிகிச்சை பெற 15, 30, 50 படுக்கைகள் கொண்ட ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் உள்ளன. பழக்கத்தில் இருப்பவர்களைத் தெருவிலும் குடியிருப்பிலும் தேடிச் சென்று சந்தித்து, அவர்கள் வந்துபோக ஓர் இடமும் தரும் களப்பணி மையங்கள் உள்ளன. பழக்கம் தொற்றிக்கொள்ளும் வயதில் இருக்கும் சிறுவர்களையும் இளைஞர்களையும், அவர்கள் வயதையொத்த வழிகாட்டிகள் மூலம் அணுகும் திட்டமும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்குள் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன.

விண்ணப்பிக்கும் அமைப்பு தன் ஊரின் நிலைமையைப் பார்த்தே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சைப் பிரிவு இயங்கும் நகரத்தில் இன்னொரு 15 படுக்கையைவிட, களப்பணியும் பின்தொடர்தலுமே குறையாக இருக்கலாம். படுக்கைக்கு நிதி எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே கேட்டு வாங்கும் அமைப்பு, ஊருக்குத் தேவையானதை விட்டுவிடுகிறது.

விண்ணப்பமும் தகுதியும்

அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்க வேண்டும். நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு எண், தணிக்கை செய்யப்பட்ட முந்தைய ஆண்டுக் கணக்குகள், ஆண்டறிக்கை ஆகியவை தேவை. விண்ணப்பம் இ-அனுதான் இணையதளம் வழியாகச் செல்கிறது. மாவட்ட அளவில் ஆய்வும் மாநில அரசின் பரிந்துரையும் முடிந்த பிறகே அமைச்சகம் முடிவெடுக்கும்.

இவற்றோடு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ம் பொருந்தும். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை இச்சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே தங்கிச் சிகிச்சை அளிக்கும் மையம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத இல்லங்களில் நோயாளிகளை அடைத்துவைப்பதும் அடிப்பதும் செய்திகளில் அவ்வப்போது வெளிவரும் கொடுமைகள். பதிவும் முறையான ஆய்வும் அவர்களைக் காக்கும் வேலி.

திட்ட வரைவில் நிதி தருபவர் தேடும் பதில்கள் நான்கு: இந்த ஊரில் பிரச்சினை என்ன, யாருக்காக இந்தப் பணி, எந்த ஆட்களைக் கொண்டு நடக்கும், பலன் கிடைத்ததை எப்படி அறிவது. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதிலைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்த அமைப்புக்கு ஆண்டு இறுதி அறிக்கை சுமையாவதில்லை.

பணம் வரும் வேகம், செலவின் வேகம்

மானியம் தவணைகளாக வருகிறது. முந்தைய தவணையின் கணக்கு சரிபார்க்கப்பட்ட பிறகே அடுத்தது. ஆனால் சமையலுக்கு அரிசியும், செவிலியருக்குச் சம்பளமும், கட்டடத்துக்கு வாடகையும் மாதந்தோறும் வேண்டும். 2015-ல் திருத்தப்பட்ட உதவித் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட செலவில் பொதுவாக 90 விழுக்காட்டை அரசு தரும், மீதியை அமைப்பே திரட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. இத்தகைய பங்கு எவ்வளவு என்பதையும் அது எங்கிருந்து வரும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தவணை தாமதமாகும் மாதங்களைச் சமாளிக்கச் சில மாதச் சம்பளத்துக்கான கையிருப்பைத் தனியே சேர்த்துவைக்கும் மையம்தான் தடங்கலின்றி நடக்கிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 மானியக் கணக்குக்கு அடிப்படை. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியத்தொகைக்கு வங்கி தந்த வட்டியை அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியத்தில் வாங்கிய கட்டிலையோ கணினியையோ முன் அனுமதியின்றி விற்க முடியாது. அவற்றைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. ஒவ்வொரு நிதியாளருக்கும் தனிக் கணக்குப் புத்தகம், ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சரும் ரசீதும், மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல். ஒரே செவிலியரின் சம்பளத்தை இரண்டு நிதியாளரிடம் முழுமையாகக் காட்டுவது மோசடி. அவர் இரு திட்டங்களிலும் பணியாற்றினால், எந்த விகிதத்தில் பிரித்தார்கள் என்பதற்கு வேலை நேரப் பதிவு இருக்க வேண்டும். உணவுக்கு ஒதுக்கிய தொகையில் மருந்து வாங்க நேர்ந்தால், நிதியாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்குப் பிறகே வாங்க வேண்டும்.

குறைக்கக் கூடாத செலவு

நிதி இறுகும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் பணியாளர் செலவு. மீட்பு மையத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை மனக்குழப்பம், நடுக்கம், இல்லாததைக் காணுதல் ஆகியவற்றோடு உயிர்க்கொல்லி நிலையும் வரலாம். தயமின் ஊசியும், மருத்துவர் எழுதித் தரும் அமைதி மருந்தும், இரவில் கண்விழித்துப் பார்க்கும் செவிலியரும் இல்லாத இடத்தில் அவரை அந்த நாட்களைக் கழிக்க விடக் கூடாது.

ஆலோசகரும் அவ்வளவே முக்கியம். ஒரே ஆலோசகர் அதிகம் பேரைப் பார்க்க நேரும்போது பேச்சு அறிவுரையாகச் சுருங்கிவிடும். குடியை விட்டு மீண்டவர்களைப் பணியில் சேர்ப்பது நல்லது, ஆனால் அவர்களுக்கும் பயிற்சியும், தங்கள் மீட்பைக் காத்துக்கொள்ள நேரமும், உரிய சம்பளமும் பட்ஜெட்டில் இடம்பெற வேண்டும்.

மஞ்சக்குடி காட்டிய வழி

கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, இத்துறையில் முன்னோடி. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சென்னை வரை வர முடியாத கிராமத்தவர்களுக்காக அந்த அமைப்பு 1989-ல் தஞ்சைப் பகுதியில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சக்குடியில், முகாம் முறையைத் தொடங்கியது.

இம்முறையில் நோயாளி ஊருக்கு அருகிலேயே தங்கிச் சிகிச்சை பெறுகிறார். குடும்பத்தினரும் அதில் பங்கேற்கிறார்கள். மருத்துவக் குழுவை அமைப்பு கொண்டுவர, ஊரின் பெரியவர்களும் உள்ளூர் அமைப்பும் ஏற்பாடுகளில் தோள்கொடுக்கிறார்கள். முகாம் முடிந்த பிறகு அதே இடத்தில் தொடர் சந்திப்புகள் நடக்கின்றன. புதுக் கட்டடம் வேண்டாம் என்பதால் செலவு குறைவு. சிகிச்சை எடுத்தவரை ஊரே அறிந்திருப்பதால் பின்தொடர்வதும் எளிது. நிதி நிர்வாகத்துக்கு இது தரும் பாடம் தெளிவானது. ஊரார் தரும் இடமும் உழைப்பும் கணக்கில் எழுதத் தக்க பங்களிப்பு. முகாமுக்குக் கேட்கும் மானியத்தில் பின்தொடர் பயணச் செலவும் சேர்ந்திருக்க வேண்டும்.

பதிவும் ரகசியமும்

நிதியாளருக்குக் கணக்கு வேண்டும், நோயாளிக்கு ரகசியம் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு நோயாளியின் தகவலைக் காக்கும்படி சொல்கிறது. பெயரில்லாத எண்களாகவே அறிக்கை செல்ல வேண்டும். பெயருள்ள பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். விழாவில் மீண்டவரை மேடையேற்றி நிதியாளருடன் படம் எடுப்பது, அவர் மனமார ஒப்புக்கொண்டால் மட்டுமே சரி. சிகிச்சையில் இருப்பவர் அந்த ஒப்புதலை மறுக்கும் நிலையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

எதை வெற்றி என்பது

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது எண்ண எளிது. அதனாலேயே அறிக்கைகளில் அதுவே முன்னால் நிற்கிறது. அதோடு, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு கழித்து எத்தனை பேரைச் சந்திக்க முடிந்தது, அவர்கள் வேலைக்குப் போகிறார்களா, வீட்டில் அடிதடி நின்றதா என்பவையும் வேண்டும். தொடர்பு கிடைக்காதவர்களை மொத்தக் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால் வெற்றி விகிதம் பொய்யாக உயரும்.

மறுபடி குடிப்பதைத் தோல்வியாக மட்டும் பதிவதும் தவறு. அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் துஷ்பிரயோக ஆய்வு நிறுவனம், இந்நோயில் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு என்று மதிப்பிடுகிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நெடுநாள் நோய்கள் திரும்பும் விகிதத்தோடு இதை ஒப்பிடுகிறது. திரும்பி வந்தவரை மீண்டும் சேர்த்துக்கொண்டதும் அறிக்கையில் பணியாகவே இடம்பெற வேண்டும்.

மானியம் நிற்கும்போது

ஒவ்வொரு மானியமும் ஒருநாள் முடியும். அடுத்த நிதி வராவிட்டால் யார் எதைத் தொடர்வார்கள் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதிவைக்க வேண்டும். நோயாளிகளின் தொடர் மருந்துக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையோடு உடன்பாடு, குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுவை நடத்தப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், நோயாளிகள் ஒப்புதலோடு பதிவேடுகளை ஒப்படைக்கும் ஏற்பாடு, உதவிக்கு அழைக்க 14446 என்ற தேசிய இலவச எண் எல்லோர் கையிலும் இருப்பது ஆகியவை அதில் அடங்கும். இந்த ஏற்பாடு இல்லாமல் திட்டத்தை முடிப்பது, சிகிச்சையில் இருக்கும் மனிதர்களைப் பாதியில் கைவிடுவதாகும். கடைசித் தவணை வந்தபின் ஓராண்டு கழித்தும் அவர்களில் எத்தனை பேரைத் தேடிச் சந்திக்க முடிகிறது என்பதே, அந்தப் பணம் எவ்வளவு நன்றாகச் செலவானது என்பதற்கான நம்பகமான அளவு.