ஆக்ஸிஜனுக்கு ஈரம் ஆகாது... மூக்குக்கு?

"ஐயா, எங்க ஆலையில ஆக்ஸிஜன்ல பொட்டு ஈரம் இருக்கக்கூடாதுன்னு மீட்டர் வச்சுப் பார்க்கிறோம். வீட்டுல அப்பாவுக்கு அதே ஆக்ஸிஜனைத் தண்ணி பாட்டில் வழியா விடச் சொல்றாங்க. இது என்ன கூத்து?"

ஓசூர் சிப்காட் பக்கம் சிலிண்டர் நிரப்பும் இடத்தில் வேலை பார்க்கும் தம்பி கேட்டது இது. அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். நியாயமான சந்தேகம்தான்!

சிலிண்டருக்குள் ஈரம் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும். அழுத்தத்திலிருந்து வாயு சீறி வெளிவரும்போது குளிரும். அப்போது ஈரம் உறைந்து வால்வை அடைக்கலாம். அதனால்தான் மருத்துவ ஆக்ஸிஜனில் பத்து லட்சத்துக்கு 67 பங்குக்கு மேல் நீராவி கூடாது என்கிறது ஐரோப்பிய பார்மகோபியா.

இத்தனூண்டு ஈரத்தை எப்படி அளப்பது? ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி நசநசத்துப் போகிறதல்லவா? உப்பைவிடப் பல மடங்கு ஈரத்தை இழுப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு பிளாட்டினக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் சுற்றி, மேலே இதைப் பூசியிருப்பார்கள். காய்ந்திருந்தால் மின்சாரம் பாயாது. வாயுவிலுள்ள நீரைப் பிடித்ததும் பாயும். பாய்ந்து, அந்த நீரையே ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பிரித்துவிடும். எவ்வளவு நீரோ அவ்வளவு கரண்ட்! நிமிடத்துக்கு 100 மில்லி வாயு போனால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஈரத்துக்குச் சுமார் 13 மைக்ரோ ஆம்பியர். 67 பங்குக்கும் ஒரு மில்லி ஆம்பியர் தேறாது. 1959-ல் அமெரிக்காவின் கெய்டல் விவரித்த முறை இது. சூரணம் காய்ந்ததா என்று விரலால் தேய்த்துப் பார்க்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இப்படி வறண்ட வாயு மணிக்கணக்கில் ஏறினால் மூக்கின் உள்சவ்வு காய்ந்து எரியும், சிலருக்கு ரத்தம் கசியும். அதற்குத்தான் தண்ணி பாட்டில். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை போகிற பலருக்கு அது தேவைப்படுவதில்லை. உங்கள் டாக்டரைக் கேளுங்கள். வைத்தால், போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிருமி வளரும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரும் கூடாது! மருந்துக் கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய நீர்தான் சரி. பழைய நீரின் மேலேயே ஊற்றாமல், தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள்.

தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், மூக்கு காயுதேன்னு அம்மா தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்! ஆக்ஸிஜன் சூழ்ந்த இடத்தில் எண்ணெய் சட்டென்று பற்றிக்கொள்ளும். சிலிண்டர் வால்விலும் எண்ணெய்க் கை படக்கூடாது. "தைலம் கொடுக்கிற வைத்தியன் நானே சொல்றேம்மா, துடைச்சிடுங்க" என்றேன். சிலிண்டருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சாமி விளக்கையும் அடுத்த அறைக்கு மாற்றினார்கள்.