வீடே பயிற்சிக்களம்

நுழையும்முன்

நோய் வந்தபின் மருந்தைத் தேடுவது உலக வழக்கம். அந்நோய் வருவதற்கு முன்பே அதனை அடுக்களையிலும் கூடத்திலும் தடுத்து நிறுத்த இயலுமா? சென்னை மாநகரில் நடைபெற்ற ஆய்வுகள் இவ்வினாவிற்கு விடை கண்டுள்ளன. அவ்விடையை அறிந்து, நம் இல்லத்திற்கேற்ப அதனைப் பயன்கொள்ளும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

விடியற்காலையில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் பலர் விரைந்து நடப்பதைக் காணலாம். அவர்களுள் நரை கண்டோர் மிகுதி, மாணவர் குறைவு. மாணவப் பருவத்தின் காலைப்பொழுதைத் தனிவகுப்பும், மாலைப்பொழுதை வீட்டுப்பாடமும், எஞ்சிய பொழுதைக் கைப்பேசியும் எடுத்துக்கொள்கின்றன. உடலைப் பேணுதல் முதுமைக்குரிய கடமை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்தல் வேண்டும்.

மருந்தும் நடையும்

நீரிழிவு நோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. குருதியில் சர்க்கரையின் அளவு இயல்பைவிடச் சற்று உயர்ந்தும், நோய் என்று கூறுமளவிற்கு உயராமலும் இருக்கும் இடைநிலை ஒன்று உண்டு. அந்நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு, சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு ஓர் ஆய்வை மேற்கொண்டது. இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று பெயர்பெற்ற அவ்வாய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின.

ஆய்வில் பங்கேற்றோர் நான்கு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டுமே வழங்கப்பட்டது. இரண்டாம் பிரிவினர் உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு ஊக்கப்படுத்தப்பட்டனர். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் என்னும் மருந்தும், நான்காம் பிரிவினருக்கு மருந்தோடு வாழ்க்கைமுறை மாற்றமும் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளில் முதற்பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவும் நடையும் மேற்கொண்ட பிரிவில் அவ்வளவு 39.3 விழுக்காடாகவும், மருந்து உண்ட பிரிவில் 40.5 விழுக்காடாகவும், இரண்டையும் மேற்கொண்ட பிரிவில் 39.5 விழுக்காடாகவும் இருந்தது. உணவும் நடையும் தம்மளவிலேயே மருந்துக்கு ஈடான பயனைத் தந்தன; அவற்றோடு மருந்தைச் சேர்த்தபோது கூடுதல் பயன் விளையவில்லை.

இவ்வாய்வில் வியப்பிற்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. நோயிலிருந்து காக்கப்பட்ட அப்பிரிவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடைக்கருவி மாற்றத்தைக் காட்டாதபோதும் உடலுக்குள் நன்மை நிகழ்ந்துகொண்டிருந்தது.

வசதியும் நோயும்

1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் சென்னையின் இரு குடியிருப்புகளில் ஆய்வு நடத்தினர். ஒன்று தியாகராய நகரில் வருவாய் குறைந்தோர் வாழும் பகுதி. மற்றொன்று திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் பகுதி. நீரிழிவு உடையோர் தியாகராய நகர்க் குடியிருப்பில் 6.5 விழுக்காடாகவும், திருமங்கலக் குடியிருப்பில் 12.4 விழுக்காடாகவும் இருந்தனர். வசதி மிகுந்த இடத்தில் நோயும் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உடலுழைப்பு குறைதலும், உண்ணும் ஆற்றல் செலவாகாது தேங்குதலும் இதற்கு முதன்மையான காரணங்களாகும்.

முடிவை அறிந்த திருமங்கலக் குடியிருப்பினர் அதனோடு அமைதியடையவில்லை. தம் பொருளைத் திரட்டி நடைப்பயிற்சிக்கென ஒரு பூங்காவை அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் தொடக்கத்தில் 14.2 விழுக்காட்டினரே. சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கெடுத்தபோது அவர்கள் 58.7 விழுக்காட்டினராக உயர்ந்திருந்தனர். மனவுறுதிக்கு இடவசதி துணைநிற்கும்போது பழக்கம் எளிதாகிறது என்பதை இது காட்டுகிறது. பூங்கா அருகில் அமையாதோருக்கும், தெருவில் இறங்கி ஓடியாடும் உரிமை இன்னும் முழுமையாக வாய்க்காத பெண்பிள்ளைகளுக்கும் வீடே அந்த இடமாக அமைதல் வேண்டும்.

தசை செய்யும் பணி

உண்ட உணவிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கிறது. அதனைப் பெருமளவு ஏற்றுச் சேமிப்பவை தசைகள். இன்சுலின் என்னும் சுரப்பு தசையணுக்களின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் போன்றது. உழைப்பற்ற உடலில் அத்திறவுகோல் எளிதில் பொருந்துவதில்லை. தசைகள் சுருங்கி விரியும் பயிற்சியின்போதோ, இன்சுலினின் துணை குறைவாக இருப்பினும் அவை சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்த பின்னும் அத்திறன் பல மணி நேரம் நீடிக்கிறது. ஒருநாள் கடுமையாக உழைத்து ஆறுநாள் ஓய்ந்திருப்பதைவிட, நாள்தோறும் சிறிதளவு பயில்வது சிறந்தது என்று கூறுவதன் காரணம் இதுவே.

இல்லத்தில் பயிற்சி

மைசூரு அரண்மனையில் யோகம் கற்பித்துவந்த தி. கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) தம் வாழ்வின் பிற்பகுதியைச் சென்னையில் கழித்தார். அவர்தம் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் சென்னை மந்தைவெளிப் பகுதியில் இயங்கிவருகிறது. கற்பவரின் அகவை, உடல்நிலை, தொழில் ஆகியவற்றை அறிந்து அவரவர்க்கேற்பப் பயிற்சியை வகுத்தல் அம்மரபின் அடிப்படை. ஆசிரியரிடம் கற்றதை மாணவர் தம் இல்லத்தில் தனியே பயில்வர். பயிற்சிக்கு ஏற்ப உடலை வருத்தாமல், உடலுக்கு ஏற்பப் பயிற்சியை அமைக்க வேண்டும் என்னும் அந்நெறி அனைவருக்கும் பொருந்தும்.

5 முதல் 17 அகவை வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்துகிறது. அந்த 60 நிமிடத்தையும் ஒரே பொழுதில் செலவிட வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தம்வரை விரைந்து நடத்தல், மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறுதல், மொட்டை மாடியில் கயிறு தாண்டுதல் ஆகியன அக்கணக்கில் சேரும். பாய் விரிக்கும் அளவு இடம் இருப்பின் தண்டால், பஸ்கி, சூரிய வணக்கம் ஆகியவற்றைச் செய்யலாம். தண்டால் கடினமாயின் சுவரில் கையூன்றித் தொடங்கலாம். சில வாரங்களில் தரைக்கு வந்துவிடலாம். எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலும், மூட்டில் வலி தோன்றின் நிறுத்துதலும் இன்றியமையாதன.

இலையில் மாற்றம்

சென்னை மக்களின் உணவை ஆராய்ந்தபோது, அவர்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய தானியங்களிலிருந்தே கிடைப்பது அறியப்பட்டது. அவற்றுள் வெள்ளரிசியே முதலிடம் பெறுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது.

இதற்காக நம் உணவுமரபைக் கைவிட வேண்டியதில்லை. இலையிலுள்ள விகிதத்தை மாற்றினால் போதும். மலைபோல் குவித்த சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல் என்னும் வழக்கத்தைத் திருப்பி, இலையின் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் ஒதுக்கலாம். மறுபாதியில் சோற்றோடு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றுள் வீட்டு வழக்கத்திற்கேற்றது இடம்பெறட்டும். கேழ்வரகு, கம்பு ஆகியவை சில வேளைகளில் அரிசிக்கு மாற்றாகலாம். மாலைப்பசிக்கு வறுத்த பண்டங்களையும் இனிப்பூட்டிய குளிர்பானங்களையும் நாடாமல் அவித்த பயறும் மோரும் கொள்ளலாம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் பெரிதும் அளவறிந்து உண்ணும் முறையையே பேசுகிறது என்பது இங்கு எண்ணத்தக்கது.

கண்ணாடி காட்டாத நலம்

உடற்பயிற்சியின் பயனைக் கண்ணாடியில் மட்டும் தேடுவோர் விரைவில் சோர்வடைகின்றனர். சிலர் பட்டினி கிடக்கின்றனர். சிலர் விளம்பரங்களை நம்பிச் சத்துமாவுகளை அளவின்றி உட்கொள்கின்றனர். வளரும் பருவத்தில் இவை தீங்கு விளைவிப்பன. இந்தியாவில் 15 முதல் 19 அகவை வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அவர்கள் உணவைக் குறைப்பது நோயை வலிய அழைப்பதாகும். மெலிவு வேறு, வலிமை வேறு. மூச்சிரைக்காமல் மூன்று மாடி ஏற முடிகிறதா, இரவில் நன்கு உறக்கம் வருகிறதா, வகுப்பில் சோர்வின்றி அமர முடிகிறதா என்னும் வினாக்களே உடல்நலத்தின் உண்மையான அளவுகோல்கள்.

இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் பங்கேற்றோர் 35 அகவையைக் கடந்தவர்கள். நோயின் வாயிலை நெருங்கிய பின்னரே அவர்கள் தம் பழக்கத்தை மாற்றினர். அந்நிலையிலும் அரைமணி நேர நடை மருந்துக்கு ஈடாக நின்றது. பதினாறு அகவையில் தொடங்குவோருக்கு அவ்வாயிலை அணுகாமலேயே வாழும் வாய்ப்பு மிகுதி. பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டால், ஒருவர் தொடங்கும் பழக்கம் குடும்பத்தின் பழக்கமாக வளரும். அதற்கு வேண்டியவை ஒரு பாய், ஒரு மாடிப்படி, பாதி இலைக் காய்கறி, நாள்தோறும் ஒரு மணிப்பொழுது ஆகியனவே.